பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைத் தேற்றலாமா, கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

நெடுநடை

நாய் வளர்க்கும் எல்லோரிடமும் ஒரு கேள்வி. வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயை அணைத்துத் தடவிக் கொடுக்கலாமா, கூடாதா? இதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். நானும் என் மகளும் தடவிக் கொடுக்கும் கட்சி. மற்றவர்கள், "கொஞ்சினால் பயம் இன்னும் கூடும், கண்டுகொள்ளாதே" என்கிறார்கள்.

எங்கள் நாய் செம்பிக்கு ஏழு வயது. குட்டியாக இருந்தபோது பட்டாசு வெடித்தால் காதை நிமிர்த்திப் பார்ப்பாள், பிறகு படுத்துவிடுவாள். சென்ற ஆண்டிலிருந்து நிலைமை மாறிவிட்டது. முதல் வெடி கேட்டதும் குளியலறைக்குள் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மூச்சிரைக்கிறது, எச்சில் வடிகிறது, இறைச்சித் துண்டைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்போது கதவு அறைந்து சாத்தும் ஓசைக்கும் குக்கர் விசிலுக்கும்கூடத் திடுக்கிடுகிறாள். இருட்டிய பிறகு வெளியே வர மறுக்கிறாள்.

அடுத்த பட்டாசுக் காலத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் என்னென்ன செய்யலாம்? மருந்து கொடுக்கும் அளவுக்குப் போக வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாசற்படி

முதலில், அவள் குளியலறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்றால் அதை அவளிடமே விட்டுவிடுங்கள். வெளியே இழுக்காதீர்கள். அந்த இடத்தையே வசதியாக்குங்கள். தரையில் கனமான போர்வை, அவளுடைய பழைய விரிப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே போகவும் வெளியே வரவும் வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும். பூட்டி வைத்தால் தப்பிப்பதற்காகக் கதவைப் பிறாண்டி நகத்தையும் பல்லையும் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

அமைதிவிரும்பி

நான் எதிர்க்கட்சி. நாய் நடுங்கும்போது நாம் குரலைக் குழைத்து, "ஐயோ கண்ணே" என்று கொஞ்சினால், "நடுங்கினால் கொஞ்சல் கிடைக்கும்" என்று அது கற்றுக்கொள்கிறது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார். எந்த நடத்தைக்குப் பரிசு கிடைக்கிறதோ அந்த நடத்தை வளரும். உட்கார் என்றதும் உட்கார்ந்தால் தின்பண்டம் தருகிறோம், அடுத்த முறை வேகமாக உட்காருகிறது. நடுக்கத்துக்கும் அதே கணக்குத்தான். நாம் எதுவும் நடக்காதது போல இருக்க வேண்டும். நாய் நம்மைப் பார்த்துத்தான் நிலைமையைப் புரிந்துகொள்கிறது.

பழுப்புவால்

அமைதிவிரும்பி ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்தை முழுமையாக ஏற்கிறேன். அதற்கு முன்னால் சொன்னதை ஏற்க முடியவில்லை. இந்தத் தவறான பாடத்தால் எத்தனை நாய்கள் கட்டிலுக்கு அடியில் தனியாக நடுங்கிக் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உட்காருவது நாய் தன் விருப்பப்படி செய்யும் செயல். அதற்குப் பரிசு கொடுத்தால் வளரும். நடுக்கம் அப்படி அல்ல. இதயத் துடிப்பு எகிறுவது, எச்சில் வடிவது, மூச்சிரைப்பது எல்லாம் உடல் தானாகச் செய்பவை. பயம் ஓர் உணர்ச்சி. ஒரு நல்ல அனுபவத்தை அதன் பக்கத்தில் வைத்தால் பயம் குறையுமே தவிர வளராது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போட்டால் அவன் மறுபடியும் விழப் பழகிவிடுவான் என்று யாரும் சொல்வதில்லை.

இதைப் பற்றி ஆய்வும் இருக்கிறது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டெஃபானி ரீமர், பட்டாசுக்குப் பயப்படும் நாய்களுக்கு எது பலன் தருகிறது என்று 1,225 நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி 2020-இல் வெளியிட்டார். பலன் கிடைத்ததாக மிக அதிகம் பேர் சொன்னது எது தெரியுமா? ஒவ்வொரு வெடிச்சத்தம் கேட்டதும் உடனே தின்பண்டம் கொடுப்பது, அல்லது பிடித்த விளையாட்டைத் தொடங்குவது. அதைச் செய்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பலன் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். "பயத்துக்குப் பரிசு கொடுத்தால் பயம் வளரும்" என்பது உண்மையானால் அந்த நாய்களெல்லாம் மோசமாகியிருக்க வேண்டும் அல்லவா? இது உரிமையாளர்கள் சொன்ன தகவல், ஆய்வுக்கூடத்தில் அளந்தது அல்ல. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

செம்பிக்கு வருகிறேன். அவள் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும். தலையிலிருந்து முதுகு வரை மெதுவாக, நீளமாகத் தடவுங்கள். வழக்கமான குரலில் பேசுங்கள். அவள் தனியாக ஒளிந்துகொண்டால் பக்கத்தில் போய் அமைதியாக உட்காருங்கள். அணைப்பைப் பிடிக்காத நாயைப் பிடித்து இறுக்காதீர்கள். வருவதும் விலகுவதும் அவள் முடிவாக இருக்கட்டும்.

அமைதிவிரும்பி

நீங்கள் சொன்ன ஆய்வைப் படித்துப் பார்க்கிறேன். ஆனால் என் கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? என் பழைய நாயை வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று தேற்றுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதன் பயம் கூடிக்கொண்டேதான் போனது. கொஞ்சியதால் அல்ல என்றால் எதனால்?

பழுப்புவால்

திரும்பத் திரும்ப அதே பயங்கரத்தை அனுபவித்ததால். தப்ப வழியில்லாத திடீர்ச் சத்தத்தை நாய் கேட்கக் கேட்க, அடுத்த முறை இன்னும் சிறிய சத்தத்துக்கே உடல் எகிறப் பழகிவிடும். "கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்" என்று நாம் நம்புவதற்கு நேர் எதிராக நடப்பது இது. நீங்கள் தேற்றினாலும் தேற்றாவிட்டாலும் அந்தப் பயம் வளர்ந்திருக்கும். அதோடு, வீட்டார் எல்லோரும் பதற்றமாகச் சுற்றி நின்றது அந்த நாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பது தனிக் கேள்வி. தேற்றுவது வேறு, நாமும் சேர்ந்து பதறுவது வேறு.

மழைமேகம்

இடியைப் பற்றிய ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. டிரெஷல், கிரேஞ்சர் என்ற இருவர் 2005-இல் செய்தது. இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இடியோசைப் பதிவைக் கேட்கவைத்து, பதற்றத்தில் உடலில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் அளவை எச்சிலில் பார்த்தார்கள். 207 விழுக்காடு கூடியிருந்தது. 40 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. உரிமையாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கும் இந்த ஏற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் வீட்டில் வேறு நாய்களும் இருந்த நாய்கள் விரைவாகத் தேறின.

அந்த 40 நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு சத்தத் தொடருக்கே அவ்வளவு நேரம் உடல் கொதித்துக்கொண்டிருக்கிறது. பட்டாசு இரவில் இடைவெளியே இல்லாமல் வெடித்தால், முதல் வெடியிலிருந்து மீள்வதற்குள் நூறாவது வெடி வந்துவிடுகிறது. மறுநாளும் செம்பி சோர்ந்து கிடந்தால் அடம் பிடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள்.

கால்நடைப்பணி

நான் கால்நடை மருத்துவர். மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன் நெடுநடை அவர்களுக்கு இரண்டு கேள்விகள். செம்பி படியேறும்போது, காரிலோ கட்டிலிலோ தாவும்போது முன்பைவிடத் தயங்குகிறாளா? படுத்து எழுந்ததும் சில அடிகள் விறைப்பாக நடக்கிறாளா?

நெடுநடை

இதைப் படித்ததும் வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆம் டாக்டர். சில மாதங்களாகக் காரில் தாவாமல் நின்று எங்களைப் பார்க்கிறாள், நாங்கள்தான் தூக்கி வைக்கிறோம். வயதாகிறது என்று நினைத்திருந்தோம். இதற்கும் பட்டாசுக்கும் என்ன தொடர்பு?

கால்நடைப்பணி

தொடர்பு இருக்கலாம். அதனால்தான் கேட்டேன். எலும்பு, மூட்டு, தசையில் வலி உள்ள நாய் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடும்போது உடல் இறுகுகிறது, வலிக்கிறது. சில முறைகளுக்குப் பிறகு சத்தம் என்றாலே வலி என்று ஆகிவிடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கு வலி இருந்தது, பாதிக்கு இல்லை. வலி இருந்த நாய்களுக்குச் சத்தப் பயம் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் நடுவயதில் புதிதாகச் சத்தப் பயம் வந்த நாயை நான் எப்போதும் வலிக்காகவும் பரிசோதிப்பேன். வலி இருந்து, அதற்குச் சிகிச்சை கொடுத்தால் பயமும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வலியைக் கவனிக்காமல் பழக்கும் பயிற்சி மட்டும் கொடுத்தால் அதனால் பலன் கிடைக்காது. ஆகவே செம்பிக்கு முதல் வேலை உடல் பரிசோதனை. அவள் நடப்பதையும் படியேறுவதையும் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள். மருத்துவமனை மேசையில் நிற்கும் நாய் வலியை மறைத்துக்கொள்ளும்.

இனி மருந்து. சாப்பாட்டைத் தொட மறுக்கும் அளவுக்குப் பயம், எச்சில் வடிதல், மற்ற ஓசைகளுக்கும் பரவுதல், இவை மூன்றும் இருந்தால் மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம்தான். மருந்து கொடுப்பதைத் தோல்வியாகப் பலர் நினைக்கிறார்கள். ஓர் இரவு முழுக்க நாயை உச்சப் பயத்தில் விட்டால் அடுத்த ஆண்டின் பயத்தை நாமே வளர்க்கிறோம். அதைத் தடுப்பதே மருந்தின் வேலை.

வெடிச்சத்தப் பயத்துக்கென்றே ஒப்புதல் பெற்றவை சில உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் கூழ்மருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இல் ஒப்புதல் பெற்றது. இதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவ வேண்டும். விழுங்கினால் பலன் குறையும். தடவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நம் தோலின் வழியாகவும் அது உள்ளே போகும். தேவைப்பட்டால் மறு வேளை கொடுக்கலாம், ஆனால் 2 மணி நேர இடைவெளி வேண்டும். வலிப்பு நோய்க்கு வந்த இமெபிடோயின் 2018-இல் சத்தப் பயத்துக்கும் ஒப்புதல் பெற்றது. அதை எதிர்பார்க்கும் நாளுக்கு 2 நாள் முன்பிருந்தே தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிவந்து கேட்பவர்களுக்கு அது உதவாது. டாசிபிமிடின் என்ற வாய்வழி நீர்மருந்து 2021-இல் ஐரோப்பாவில் வந்தது. இவை எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் டிராசோடோன், கபாபென்டின், அல்பிரசோலம் போன்றவற்றை மருத்துவர்கள் நாயின் உடல்நிலையைப் பார்த்து எழுதுகிறோம். ஆண்டு முழுக்கப் பல ஓசைகளுக்கு நடுங்கும் நாய்களுக்கு ஃபுளுவாக்ஸெடின், குளோமிப்ரமின் போன்ற, நாள்தோறும் தொடர்ந்து கொடுக்கும் மருந்துகளும் உண்டு. அவை முழுப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஒன்று, மனிதர்களுக்கான மருந்தை நீங்களாகவே கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான சில கபாபென்டின் நீர்மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். மற்றொன்று அசிப்ரோமசின். பல காலமாகப் "பட்டாசு மாத்திரை" என்று கொடுத்துவந்தது இதைத்தான். அதைத் தனியாகக் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும், பார்ப்பவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் உள்ளே பயம் அப்படியே இருக்கும். சில நாய்கள் சத்தத்துக்கு முன்னைவிட அதிகமாகத் திடுக்கிடவும் செய்யும். ஓட முடியாமல், ஒளிய முடியாமல், பயத்தை மட்டும் முழுதாக அனுபவித்துக்கொண்டு ஒரு நாய் கிடப்பதை என்னால் ஏற்க முடியாது.

எந்த மருந்தானாலும் பட்டாசு இல்லாத ஒரு நாளில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். தூக்கம் அதிகமாகிறதா, தள்ளாடுகிறதா, மாறாக இன்னும் பரபரப்பாகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். அளவைத் திருத்த நேரமும் கிடைக்கும்.

நெடுநடை

டாக்டர், மிக்க நன்றி. இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். பழுப்புவால் அவர்களே, கைபேசியில் வெடிச்சத்தத்தைப் போட்டுப் பழக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதை எப்படிச் செய்வது?

பழுப்புவால்

இதைச் சரியாகச் செய்தால் அருமையான வழி. அவசரப்பட்டால் இருக்கும் பயத்தை இரட்டிப்பாக்கிவிடும்.

தொடங்கும் ஒலி அளவு நாய்க்குக் கேட்கிறதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். காது ஒரு முறை அசைகிறது, மற்றபடி படுத்தபடியே இருக்கிறது, தின்பண்டத்தை வழக்கம்போல வாங்கிச் சாப்பிடுகிறது. அதுதான் சரியான அளவு. ஓசை முதலில், தின்பண்டம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. தின்பண்டம் முதலில் வந்தால், "இது வந்தால் அடுத்து வெடி வரும்" என்று நாய் கற்றுக்கொண்டு தின்பண்டத்தையே சந்தேகிக்கத் தொடங்கும். ஒரு சில நிமிடங்கள் போதும். ஓசை கேட்டதும் "எங்கே என் பங்கு?" என்று அது உங்கள் முகத்தைப் பார்க்கும் நாள் வரும் வரை ஒலியை ஏற்றாதீர்கள். பிறகு ஏற்றுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான்.

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் மடிப்பது, தின்பண்டத்தை வழக்கத்தைவிட வெடுக்கென்று பிடுங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அளவு மீறிவிட்டது. நிறுத்திவிட்டு, மறுநாள் முந்தைய படிக்கும் கீழே இறங்குங்கள். வாலைச் சுருட்டி நடுங்கும் வரை காத்திருந்தால் வேலை கெட்டது.

கைபேசியின் ஒலிபெருக்கி இதற்குப் போதாது. வெடியின் அடித்தொண்டைக் குமுறலை அதனால் எழுப்பவே முடியாது. கொஞ்சம் நல்ல ஒலிபெருக்கி வேண்டும். வீட்டின் வேறு வேறு அறைகளில் வைத்துப் பழக்குங்கள். நாயின் காது நம்மைவிட நுட்பமானது என்பதையும் மறக்க வேண்டாம். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம், நாய் சுமார் 45,000 வரை கேட்கிறது. ராக்கெட் பட்டாசின் சீறல் நமக்கு ஒரு மாதிரி கேட்டால் அதற்கு வேறு மாதிரி கேட்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பட்டாசுக் காலத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். பாதி வழியில் உண்மையான வெடி விழுந்தால் செய்ததெல்லாம் சரிந்துவிடும். செம்பிக்கு இந்தப் பயிற்சியை அந்தக் காலம் முடிந்து, அவள் நன்றாகத் தேறிய பிறகு தொடங்குங்கள். இப்போது செய்யக்கூடியது ஓய்வுப் பயிற்சி. குறிப்பிட்ட ஒரு விரிப்பில் படுத்தால் மெதுவான தடவலும் தின்பண்டமும் கிடைக்கும், எதுவும் கேட்கப்படாது. நாள்தோறும் அமைதியான வேளையில் இதைச் செய்துவந்தால் விரிப்பைப் பார்த்ததும் உடல் தளரத் தொடங்கும். நான் சொன்ன அதே ஆய்வில், ஓய்வுப் பயிற்சி கொடுத்தவர்களில் 69 விழுக்காட்டினர் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவு வைத்துப் பழக்கியவர்களில் 55 விழுக்காட்டினர்.

மழைமேகம்

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு இது அவ்வளவாக உதவுவதில்லை. காரணம், இடி தனியாக வருவதில்லை. வானம் இருட்டுகிறது, காற்று மாறுகிறது, காற்றழுத்தம் இறங்குகிறது, மின்னல் வெட்டுகிறது, மழை கூரையில் அடிக்கிறது. இவை ஒவ்வொன்றும் நாய்க்கு முன்னறிவிப்பு. என் நாய் முதல் துளி விழுவதற்கு வெகு முன்பே எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கியால் இவற்றில் ஒன்றைத்தான் கொண்டுவர முடிகிறது. அப்படிப்பட்ட நாய்களுக்கு ஒளிய நல்ல இடமும் மருத்துவரின் துணையும் முதலில், ஒலிப்பதிவு பிறகு.

ஈரமூக்கு

உடலை இறுக்கமாகச் சுற்றும் சட்டை, நாயை அமைதிப்படுத்தும் மணப்பொருளைப் பரப்பும் ஃபெரோமோன் கருவி, மூலிகைச் சொட்டு என்று கடைகளில் நிறைய விற்கிறார்கள். இவற்றை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? காது மூடி?

பழுப்புவால்

நான் மேலே சொன்ன ரீமரின் ஆய்வில் இறுக்கச் சட்டைக்கு 44 விழுக்காட்டினர் பலன் சொன்னார்கள். ஃபெரோமோன், மூலிகை, ஊட்டச்சத்து மாத்திரை, ஹோமியோபதி போன்றவற்றுக்கு 27 முதல் 35 விழுக்காடு வரை. வெறும் நம்பிக்கையால் கிடைக்கும் பலனைவிட இது அதிகம் என்று சொல்வதற்கில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு 69. இதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். சட்டை சில நாய்களுக்கு உதவுகிறது, கெடுதல் குறைவு. ஆனால் முன்கூட்டியே நல்ல நாட்களில் போட்டுப் பழக்க வேண்டும். பட்டாசு வெடிக்கும்போது மட்டும் போட்டால் சட்டையே அபாய அறிவிப்பாகிவிடும். சட்டை போட்டதும் நாய் உறைந்து நின்றால் அதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள். காது மூடிக்கும் அதே பழக்கம் வேண்டும். பஞ்சைக் காதுக்குள் திணிக்காதீர்கள்.

தெருவிளக்கு

எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒளிய ஒரு குளியலறைகூட இல்லாத நாய்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஓர் இரவுக்கு உங்கள் வாசல் கதவைத் திறந்து வையுங்கள். மாடிப்படிக்கு அடியில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சாக்கையோ அட்டைப்பெட்டியையோ போட்டு, தண்ணீர் வையுங்கள். கட்டிப் போட்டிருக்கும் நாய் இருந்தால் அன்று கட்டை அவிழ்த்து அடைப்பான இடத்தில் விடுங்கள். ஓட முயன்று கழுத்துச் சங்கிலியில் சிக்கி இறந்த நாய்கள் உண்டு. ஒண்டிக்கொள்ள வந்த தெருநாயைத் தொடவோ தூக்கவோ முயலாதீர்கள், உச்சப் பயத்தில் இருக்கும் நாய் கடிக்கும். தள்ளி நின்று, அது இருக்கும் பக்கம் யாரையும் போகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுநாள் காலையில் வெடிக்காத பட்டாசும் கருகிய தாள்களும் தெருவெல்லாம் கிடக்கும். அவற்றில் பேரியம் உப்புகள், பெர்குளோரேட், கந்தகம் எல்லாம் உண்டு. குட்டிகள் மென்று விழுங்கிவிடும். உங்கள் வாசலையும் பக்கத்து வாசலையும் கூட்டிவிடுங்கள்.

வாசற்படி

பட்டாசு நாளன்று என்ன செய்வது என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீண்ட நடையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். சிறுநீர் கழிக்க இருட்டுவதற்கு முன் இன்னொரு முறை வெளியே. அன்று கழுத்துப் பட்டையும் மார்புப் பட்டையும் இரண்டும் வேண்டும், கயிறு மார்புப் பட்டையில். பயந்த நாய் பின்னோக்கி நெளிந்தால் கழுத்துப் பட்டை நொடியில் கழன்றுவிடும். பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிந்துள்ள எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழைய எண்ணோடு திரியும் நாய்கள் ஏராளம்.

சன்னல்களை அடைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். வெளிச்சப் பொறிகள் தெரியாமல் இருப்பதும் உதவும். மின்விசிறி, தாளம் கனத்த இசை என்று சீரான ஓசை ஏதாவது ஒன்றை முன்கூட்டியே ஓடவிடுங்கள். வெடிச்சத்தத்தை மூழ்கடிக்கும் அளவுக்கு அலறவிட வேண்டாம், அதுவே இன்னொரு தொல்லை. விருந்தினர் வந்தால் வெளிக்கதவைத் திறப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். நாய்கள் தொலைவது பெரும்பாலும் அந்தக் கதவிடுக்கில்தான்.

அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கத்தவும் வேண்டாம். பார்வையில் பட்டால் உட்கார்ந்து, பக்கவாட்டாகத் திரும்பி, தின்பண்டத்தைத் தரையில் போட்டுக் காத்திருங்கள். ஓடிய இடத்தில் உங்கள் துணி ஒன்றைப் போட்டு வையுங்கள். பல நாய்கள் சத்தம் அடங்கிய பின்னிரவில் அதே வழியில் திரும்பி வரும்.

ஈரமூக்கு

எங்கள் வீட்டுக்கு மூன்று மாதக் குட்டி வந்திருக்கிறது. இன்னும் எதற்கும் பயப்படவில்லை. இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, பயம் வந்தால் பார்த்துக்கொள்ளலாமா?

பழுப்புவால்

இப்போதே, இன்றே. பயம் வராத நாய்க்குச் செய்யும் வேலைதான் எளிமையானது, பலனும் உறுதியானது. குட்டிகள் உலகத்தை அச்சமின்றி ஏற்கும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் குட்டி அதன் கடைசி வாசலில் நிற்கிறது. பாத்திரம் விழும் ஓசை, கதவு, துளைப்பான், மிகச் சிறிய அளவில் வெடி ஒலிப்பதிவு, எது கேட்டாலும் உடனே ஒரு நல்லது நடக்கட்டும். முதல் பட்டாசு இரவன்று பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வெடிக்கும் விளையாட்டும் தின்பண்டமுமாகக் கொண்டாடுங்கள். ஃபின்லாந்தில் சுமார் 13,700 நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், பதற்றப் பிரச்சினைகளிலேயே மிகப் பரவலாக இருந்தது சத்தப் பயம்தான், 32 விழுக்காடு. மூன்றில் ஒரு நாய்! "என் நாய்க்கு வராது" என்று யாரும் இருந்துவிட முடியாது.

அமைதிவிரும்பி

நீங்கள் முதலில் சொன்ன ரீமரின் ஆய்வைப் படித்தேன். நடுங்கும் நாயைத் தனியாக விட வேண்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். தேற்றுபவர் முதலில் தன் குரலையும் கையையும் அடக்க வேண்டும். வீட்டில் ஒருவர் அழுதுகொண்டும் இன்னொருவர் வெடிப்பவர்களைத் திட்டிக்கொண்டும் இருந்தால் எந்தத் தடவலும் உதவாது.

இன்னொரு சந்தேகம், டாக்டருக்கு. இப்போது என்னிடம் இருக்கும் நாய்க்குப் பன்னிரண்டு வயது. இதயத்தில் முணுமுணுப்பு இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்துவருகிறோம். வெடிச்சத்தம் கேட்டால் இரவு முழுக்கத் தூங்காமல் நடக்கிறது. நீங்கள் சொன்ன கூழ்மருந்தைக் கொடுக்கலாமா?

கால்நடைப்பணி

நேரடியாகக் கொடுக்காதீர்கள். டெக்ஸ்மெடிடோமிடின் இதயத் துடிப்பைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தையும் மாற்றும். தீவிர இதய நோய், மூச்சு நோய், கல்லீரல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு உள்ள நாய்களுக்கு அது கூடாது. உங்கள் நாயின் நிலை அந்த அளவுக்குத் தீவிரமா என்பதை இதயத்தைப் பார்த்துவரும் மருத்துவர்தான் சொல்ல முடியும். இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு, பட்டாசுக் காலத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே அவரிடம் போங்கள். இதயத்துக்குப் பொருந்தும் மாற்று மருந்து உண்டு. அதை ஒரு முறை கொடுத்துப் பார்க்கவும் நேரம் வேண்டும்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். பன்னிரண்டு வயது நாய் வெடி இல்லாத இரவுகளிலும் நடக்கிறதா, மூலையில் போய் நிற்கிறதா, பழகிய அறையில் வழி தவறுகிறதா? அப்படியானால் அது சத்தப் பயம் மட்டும் அல்ல, முதுமை மறதியும் சேர்ந்திருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. சில இரவுகளைப் படம் பிடித்துக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.